பத்து இலக்கம் இருந்தால் போதுமா?

பெற்றோர் கைபேசி எண் பட்டியலைச் சரிபார்ப்பது இப்போது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமான வேலையாகிவிட்டது. ஜூனில் சேர்க்கை முடிந்ததும் ஒரு முறை, எமிஸ் தளத்தில் விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லும்போது ஒரு முறை, பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது ஒரு முறை என ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை அதே பட்டியல் நம் மேசைக்கு வருகிறது. எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளாக இதைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. குறுவள மையக் கூட்டங்களில் பிற பள்ளிகளின் பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன். ஊர் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. அந்தத் தவறுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன, அவற்றை எப்படிப் பிடிப்பது என்பதைச் சக ஆசிரியர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் விளையாட்டு நேரத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். பட்டியலில் இருந்த எண்ணுக்கு அழைத்தார்கள். வேறு மாவட்டத்திலிருந்து யாரோ எடுத்து, "தவறான எண் சார்" என்றார். அதே தெருப் பிள்ளை ஒருவனை வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வயலுக்கு ஆள் போய், தாய் மருத்துவமனைக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகச் "சரிபார்க்கப்பட்டது" என்று இருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. பத்து இலக்கம் இருக்கிறதா, 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டும் சரி. எண்ணுக்கு உரியவர்தான் வேறு.

இந்த இடத்தில் கைபேசி எண்ணுக்கும் ஆதார் எண்ணுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னுள்ள 11 இலக்கங்களிலிருந்து ஒரு கணக்கின்படி அது வருகிறது. ஆகவே ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் கணினி உடனே மறுத்துவிடும். கைபேசி எண்ணில் அப்படி எதுவும் இல்லை. ஓர் இலக்கம் மாறினால் கிடைப்பது பிழையான எண் அல்ல, இன்னொருவருடைய எண். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நாட்டில் பயன்பாட்டில் இருப்பவை நூறு கோடிக்கும் மேல். ஏதோ ஓர் எண்ணைத் தோராயமாகத் தட்டினாலே ஏறக்குறைய நான்கில் ஒரு முறை அது யாருடைய பையிலோ மணியடிக்கும். கடைசி இலக்கம் மட்டும் மாறினால் வாய்ப்பு இன்னும் கூடுதல், ஏனென்றால் ஒரே வரிசையில் உள்ள எண்கள் சேர்ந்தே விநியோகிக்கப்படுகின்றன. (நிகழ்தகவு நடத்தும்போது இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நாணயம் சுண்டுவதைவிடப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.)

அதனால் கணினியால் பிடிக்க முடிந்த தவறு, முடியாத தவறு என்று வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

எக்செல் செய்யும் குறும்பு

முதலில் கணினி பக்கம். பட்டியலைக் கெடுப்பதில் எக்செலுக்குப் பெரும் பங்கு உண்டு. அது கைபேசி எண்ணையும் மதிப்பெண்ணைப் போலவே ஓர் எண்ணாகத்தான் பார்க்கிறது. 0 சேர்த்துத் தட்டினால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். +91 சேர்த்துத் தட்டினால் கூட்டல் குறி போய்விடும், மீதி 12 இலக்கங்களும் 9.1 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்துடன் அறிவியல் குறியீட்டு வடிவத்தில் தெரியும். அந்த நிலையில் கோப்பு எக்செல் கோப்பாக இருக்கும்வரை ஆபத்தில்லை, உள்ளே முழு எண் இருக்கும். ஆனால் தளத்தில் ஏற்றுவதற்காக அதைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிகிற சுருக்க வடிவமே எழுதப்படும். பின்பகுதி இலக்கங்கள் போனது போனதுதான். மூலக் கோப்பும் கையில் இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி கேட்க வேண்டியதே.

இதற்கு ஒரே மருந்து, எண்களைத் தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் "டெக்ஸ்ட்" வடிவத்துக்கு மாற்றிவிடுவது. தட்டி முடித்த பிறகு மாற்றினால் போன 0 திரும்பி வராது.

அடுத்து, வாட்ஸ்அப் குழுவிலிருந்தோ தொடர்புப் பட்டியலிலிருந்தோ ஒட்டிய எண்கள். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். பார்த்தால் பத்து இலக்கம், எக்செலின் "லென்" சார்பு 11 அல்லது 12 என்று காட்டும். வெற்றிடத்தை நீக்கும் "டிரிம்" சார்பு சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து வரும் வேறு வகை இடைவெளிக்கு அது பயன்படாது. அந்த ஒரு கட்டத்தை அழித்துவிட்டுக் கையால் தட்டிவிடுவதே விரைவான வழி. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மட்டும் "சப்ஸ்டிட்யூட்" சார்பைத் தேடிப் போகலாம்.

முன்னொட்டுகளை நீக்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். "91இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தை நீக்கு" என்று ஒரு விதியை எழுதிப் பட்டியல் முழுவதும் இழுத்துவிட்டால் என்ன ஆகும்? 91இல் தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்கள் நம் ஊரில் ஏராளம். அவை எல்லாம் எட்டு இலக்கமாகக் குறுகிவிடும். நீளத்தைப் பார்க்காமல் முன்னொட்டைத் தொடக்கூடாது. 12 இலக்கம், 91இல் தொடக்கம், மூன்றாவது இலக்கம் 6 முதல் 9 வரை என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே 91ஐ நீக்கலாம். 11 இலக்கம், 0இல் தொடக்கம், அடுத்தது 6 முதல் 9 வரை என்றால் 0ஐ நீக்கலாம். பத்து இலக்கம் இருந்து 4இல் தொடங்கினால் அது பிழையல்ல, 0 தொலைந்த தரைவழித் தொலைபேசி எண்ணாக இருக்கும். மதுரையின் 0452, கோவையின் 0422 போன்றவை 0 இல்லாமல் இப்படித்தான் நிற்கும். இந்த வகைகளுக்குள் வராத எதையும் திருத்தாமல் தனித் தாளில் எடுத்து வையுங்கள்.

இன்னொரு குறுக்குவழியும் பரவலாக இருக்கிறது. "ரைட்" சார்பைக் கொண்டு எல்லா எண்ணிலும் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வெட்டி எடுப்பது. உள்நாட்டு எண்களுக்கு இது பாதகமில்லை. ஆனால் தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும். தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதி ஆசிரியர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சவூதி எண் 966 என்ற நாட்டுக் குறியீட்டோடு 12 இலக்கம் வரும். அதன் கைபேசி எண்கள் 5இல் தொடங்குபவை. கடைசிப் பத்தை வெட்டினால் முன்னால் உள்ள 96 மட்டும் போய், 65 என்று தொடங்கும் பத்து இலக்கம் மிஞ்சும். பார்ப்பதற்கு அசல் இந்தியக் கைபேசி எண். குவைத்தின் 965, ஓமானின் 968, கத்தாரின் 974 ஆகியவற்றோடு எட்டு இலக்க எண் சேர்ந்து 11 இலக்கம். அவற்றிலும் முதல் 9 வெட்டுப்பட்டு 65, 68, 74 என்று தொடங்கும் "இந்திய" எண்கள் பிறக்கும். சிங்கப்பூர் இன்னும் நுட்பமானது. அங்கே எண் எட்டு இலக்கம், நாட்டுக் குறியீடு 65. கூட்டினால் சரியாகப் பத்து. 6இல் தொடங்குகிறது. எதையும் வெட்ட வேண்டாம், எந்தச் சோதனையிலும் சிக்காது, இந்தியக் கைபேசி எண்ணாகவே தேறிவிடும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 971 மட்டும் வெட்டியபின் 1இல் தொடங்கி மாட்டிக்கொள்ளும். 658, 659 என்று தொடங்கும் எண்களை வடிகட்டி எடுத்து, தந்தை எங்கே வேலை பார்க்கிறார் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வெளிநாட்டு எண் எதுவானாலும் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து வேறொரு நெடுவரிசையில் இருக்கட்டும். முதன்மை எண்ணாக ஊரில் இருப்பவருடைய எண்ணே வேண்டும்.

ஒரே எண் பலமுறை வந்தால்

எண்களை வரிசைப்படுத்தி "கவுண்ட்இஃப்" சார்பால் எண்ணினால், ஒரே எண் பல பிள்ளைகளுக்கு இருப்பது தெரியும். இதைக் கண்டதும் "டூப்ளிகேட்" என்று அழித்துவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அண்ணன், தங்கை இருவரும் ஒரே பள்ளியில் படித்தால் எண் ஒன்றாகத்தான் இருக்கும். பெரியப்பா பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தால் நான்கு பேருக்கு ஓர் எண் வரலாம். விடுதிப் பிள்ளைகள் முப்பது பேருக்குக் காப்பாளர் எண் இருக்கலாம். அவசரத்துக்கு அது சரியான எண்ணே, ஆனால் பெற்றோர் எண் என்ற கட்டத்தில் இருக்கக்கூடாது.

சந்தேகப்பட வேண்டியது, வேறு வேறு தெருவில், வேறு வேறு வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே எண் வரும்போது. விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த கடைக்காரர் தன் எண்ணையே போட்டிருப்பார். அப்படி ஒரு கடைக்காரருக்குப் பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று ஐந்தாறு பிள்ளைகளின் மதிப்பெண் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்ததை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் நல்லவர், ஆளனுப்பி வீடுகளுக்குச் சொல்லிவிட்டார்.

திரும்பத் திரும்ப வரும் எண் வகுப்பாசிரியருடையதாகவும் இருக்கும். இதை நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். நூறு சதவீதம் முடிக்க வேண்டும் என்று மாலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தால், மிச்சமிருக்கும் கட்டங்களில் தன் எண்ணையோ 9 முதல் இறங்குவரிசை எண்ணையோ போட்டு முடித்துவிடுகிறார்கள். காலி கட்டம் இருந்தால் அடுத்த முறை யாராவது கேட்பார்கள். நிரம்பிய கட்டத்தை ஒருவரும் கேட்கமாட்டார்கள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து எந்தச் செய்தியும் போகாது. எனக்கு, பத்துப் பிள்ளைகள் வீட்டில் எண் இல்லை என்று சொல்லும் பட்டியல்தான் நம்பத்தக்க பட்டியல். தலைமையாசிரியர்கள் இதில் ஆசிரியர் பக்கம் நிற்க வேண்டும்.

அழைத்துப் பார்ப்பதில் உள்ள சிக்கல்

இனி கணினியால் முடியாத பகுதி. அழைத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் முடிவுகளைத் தவறாகப் படிக்க வழி இருக்கிறது.

பள்ளியின் தரைவழித் தொலைபேசியிலிருந்து அழைப்பவர்கள் முதலில் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைபேசிக்கு அழைக்க இது கட்டாயம். 0 இல்லாமல் அழைத்து இணைப்புக் கிடைக்காமல், நல்ல எண்ணைப் பிழை என்று குறித்த பட்டியலைப் பார்த்திருக்கிறேன். எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து இது இந்த நிறுவனம், இந்த ஊர் என்று முடிவு கட்டுவதும் பழைய பழக்கம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011இலேயே வந்துவிட்டது.

"உபயோகத்தில் இல்லை" என்ற அறிவிப்பும் "சுவிட்ச் ஆஃப்" என்ற அறிவிப்பும் ஒன்றல்ல. முன்னது எண் போய்விட்டதற்கான அறிகுறி. பின்னது மின்னேற்றம் தீர்ந்ததற்கான அறிகுறி. காலை 11 மணிக்கு அழைத்து யாரும் எடுக்காவிட்டால், அந்தத் தாய் நூறு நாள் வேலையிலோ நடவிலோ இருப்பார். மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். மலையாளத்திலோ தெலுங்கிலோ அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் பெற்றோர் வேலைக்கு வெளிமாநிலம் போயிருக்கிறார்கள். அது சரிபார்ப்பைவிட முக்கியமான செய்தி. பிள்ளை யார் பாதுகாப்பில் இருக்கிறது என்று மறுநாளே விசாரிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குறிகள் விழுந்துவிட்டன, ஆகவே எண் சரி என்று கொள்வதும் தவறு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணிலும், வீட்டில் வேறு இணைய இணைப்பு இருந்தால் வாட்ஸ்அப் சில காலம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்கு ஓடிபி வராது. என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் அது தொடரும். அந்த நேரத்தில் பழைய எண் செத்துக் கிடந்தால் அலைச்சல் பிள்ளைக்குத்தான்.

செயலிழந்த எண் அப்படியே கிடப்பதும் இல்லை. 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பது விதி. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கிலும் டிராய் அமைப்பு இதைத் தெரிவித்தது. ஜூனில் சரியாக இருந்த எண் ஜனவரியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கலாம். நம் மாணவியின் பெயர், வகுப்பு, இன்று பள்ளிக்கு வரவில்லை என்ற தகவல் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே பட்டியலில் சரிபார்த்த நாள் என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். "ஆம்" என்று மட்டும் எழுதினால் எந்த ஆண்டின் "ஆம்" என்று தெரியாது. அதன் பக்கத்தில் எண் யாருடையது, பிள்ளைக்கு என்ன உறவு என்று இன்னொரு நெடுவரிசை. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் தந்தையின் எண்ணுக்குப் போகும் செய்தி பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வந்து சேராது. சில வீடுகளில் அப்படிப் போகவே கூடாது. வகுப்பாசிரியருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இது.

எண்ணை வாங்கும் முறையைச் சரிசெய்தால் பாதித் தவறு வராது. பிள்ளையிடம் துண்டுத்தாளில் எழுதிவரச் சொன்னால் 1 எது, 7 எது என்று தெரியாது. போனில் கேட்டால் ஏழும் எட்டும் காதில் ஒன்றாக விழும். ஒருவர் "தொண்ணூத்தெட்டு நாப்பத்திரண்டு" என்று இரட்டையாகச் சொல்வார், இன்னொருவர் "டபுள் எயிட், ட்ரிபிள் த்ரீ" என்பார். இரட்டையாகச் சொன்னால் நீங்கள் ஒற்றை ஒற்றையாகத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் சொன்ன விதத்திலேயே திருப்பிச் சொன்னால் அவரும் தலையாட்டிவிடுவார். எல்லாவற்றிலும் நல்லது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது பெற்றோரின் போனிலிருந்து பள்ளி போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்வது. எண் தானாக வந்து விழும். இரண்டு சிம் உள்ள போன் என்றால், எந்த எண்ணை எப்போதும் ரீசார்ஜ் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடிபி மூலம் சரிபார்க்கும்போது போனில் அழைத்து, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். முன்பின் தெரியாதவருக்கு ஓடிபி சொல்லாதீர்கள், ஏமாந்தால் 1930க்கு அழையுங்கள் என்று இறைவணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது நாம்தான். "ஸ்கூல்ல இருந்து பேசுறோம்" என்றால் சொல்லிவிடலாம் என்ற பழக்கத்தை நாமே உண்டாக்கினால், அடுத்த வாரம் அதே வார்த்தையோடு மோசடிக்காரன் அழைப்பான். நேரில், அவர் போன் அவர் கையில் இருக்க, என்ன குறுஞ்செய்தி வந்திருக்கிறது என்று படித்துக்காட்டிச் செய்ய வேண்டும். நாற்பது பேர் வகுப்புக்கு இரண்டு கூட்டங்கள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

மொத்த எண்களையும் நொடியில் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லும் இலவச இணையதளங்கள் இருக்கின்றன. அவற்றில் பட்டியலை ஏற்றாதீர்கள். பிள்ளை பெயர், வகுப்பு, பெற்றோர் எண் மூன்றும் சேர்ந்த கோப்பு யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளுக்குத் தனிக் கவனம் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் முழுப் பட்டியலையும் போடுவதும், வகுப்புக் கதவில் ஒட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தவைதான். ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் அவர் வகுப்புப் பக்கம் மட்டும் போதும்.

கடைசியாக, வீட்டில் போனே இல்லாத பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளியிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரிசையில் வருவார்கள். எமிஸ் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று வட்டார வள மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். நம் பதிவேட்டில் "போன் இல்லை" என்று எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை, அவர் பெயரோடும் அவர் சம்மதத்தோடும், "பக்கத்து வீடு" என்ற குறிப்போடு சேருங்கள். கூடவே, அவசரமென்றால் எந்தத் தெருப் பிள்ளையை அனுப்பினால் அந்த வீட்டைக் காட்டுவான் என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.